சேவலோ, பேடோ?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அருகே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் நயினாதீவு சிறியதொன்று. புங்குடுதீவின் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிற் படகேறுவோர் சிறிது நேரத்துள் அதன் கரையை அடைவர். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அங்கே அமைந்திருத்தலால், சைவரும் பௌத்தரும் அத்தீவை நாடி வருகின்றனர். திருவிழாக் கூட்டம் கலைந்து, யாத்திரிகர் படகேறிச் சென்ற பின்னர், தீவின் அன்றாட வாழ்வு பனையையும் கடலையும் ஆடு மாடு கோழிகளையும் சுற்றியே நடைபெறுகின்றது. வேலியடைத்த வளவுக்குள் ஐந்தாறு கோழிகள் மேய்வது அங்கே பொதுவான காட்சி. கடலிற் கொந்தளிப்பு மிகுந்து தொழிலுக்குச் செல்ல இயலாத நாள்களில், அக்கோழிகள் இடும் முட்டையே பல வீடுகளிற் கைச்செலவுக்கு உதவுவது.

அத்தகைய வளவொன்றிலே ஒரு குடும்பத் தலைவி, தன் சிவலைக் கோழியை 11 முட்டைகளில் அடை வைத்தாள். பனையோலைக் கடகத்திலே வைக்கோல் பரப்பி, இடி முழக்கத்துக்குக் காப்பாக ஓர் இரும்புத் துண்டும் வைத்து, அடுக்களை மூலையிலே இடங் கொடுத்தாள். இருபத்தோராம் நாள் 10 குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்று கூழ்முட்டையாயிற்று. இரண்டு மாதங் கழிந்து கொண்டை சிவந்து வளரத் தொடங்கியபோதுதான் உண்மை தெரிந்தது. பத்தில் ஏழு சேவல், மூன்றே பேடு. முட்டை விற்றுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஈடுசெய்யலாமென எண்ணியிருந்த அவளுக்கு இது பேரிழப்பு. அவளுடைய மாமியாரோ, “உந்தக் கோழியை வித்துப்போடு பிள்ளை, அது சாவலாத்தான் பொரிக்கும்” எனத் தீர்ப்புக் கூறிவிட்டார்.

அந்தச் சொல் அவளுடைய நெஞ்சை உறுத்தியது. அவள் மூன்று பெண்மக்களுக்குத் தாய். மூன்றாம் பிள்ளை பிறந்த நாளில், ஏறத்தாழ அதே சொற்களை அவளைக் குறித்தும் அவ்வீட்டார் கூறியிருந்தனர். அவள் பெண்ணாகவே பெறுகின்றாள் என்பது அன்றைய குற்றச்சாட்டு. கோழி சேவலாகவே பொரிக்கின்றது என்பது இன்றைய குற்றச்சாட்டு. வீட்டுக்கு ஆண் வேண்டும், கூட்டுக்குப் பெண் வேண்டும். இரண்டிலும் பழி தாய் தலையிலேயே விழுகின்றது. இக்குற்றச்சாட்டு நியாயமானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முட்டையைப் பார்த்தே குஞ்சின் பாலை அறிய வேண்டுமென்ற ஆவல் மனிதருக்கு மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நீண்டு கூர்மையான முட்டையிலிருந்து பேடும், உருண்ட முட்டையிலிருந்து சேவலும் வருமென எழுதிவைத்தார். சில நூற்றாண்டுகள் கழித்து உரோம நாட்டிலே வேளாண்மை நூல் செய்த கொலுமெல்லா இதற்கு நேர்மாறாக, நீண்டு கூர்த்த முட்டையே சேவலைத் தருமென்றார். இருவரும் பேரறிஞர், இருவர் கூற்றும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. உரோமப் பேரரசன் ஒகஸ்தசின் மனைவியான லிவியா, முன்னைக் கணவன் வழியே திபேரியசைக் கருவுற்றிருந்த காலத்தில், ஒரு முட்டையைத் தன் மார்பின் வெப்பத்திலே வைத்துக் காத்தாள் என்றும், அதிலிருந்து சேவற்குஞ்சு வந்தமையால் ஆண்மகவு பிறக்குமெனக் கொண்டாள் என்றும் பிளினி குறித்துள்ளார். நூலிற் கட்டிய மோதிரத்தை முட்டைக்கு மேலே தொங்கவிட்டு, அது வட்டமிட்டால் ஒரு பால், நேராக ஆடினால் மறு பால் எனக் குறி சொல்வோர் இன்றும் உளர்.

முட்டையின் வடிவம் பற்றிய நம்பிக்கையைச் சோதிக்கப் பெருங் கருவிகள் வேண்டியதில்லை. கோழி வளர்ப்போர் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரு கோழி இடும் முட்டைகள் பெரும்பாலும் ஒரே வடிவினவாகவே இருக்கும். நீள முட்டையிடும் கோழி தன் வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ நீள முட்டையே இடும். வடிவம் பாலைக் காட்டுவதாயின், அக்கோழியின் குஞ்சுகள் யாவும் ஒரே பாலினவாதல் வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. முட்டைக்கு வடிவந் தருவது முட்டை கடந்து வரும் குழாயின் தசையும் அதிற் படியும் ஓடுமே. கோது உருவாக மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரஞ் செல்லும். அதற்கு நெடுநேரம் முன்னரே உள்ளிருக்கும் குஞ்சின் பால் முடிவாகிவிடுகின்றது. வீட்டினுள் வாழப்போவது மகனா மகளா என்பதைச் சுவரின் சாந்து தீர்மானியாதவாறு போல, குஞ்சின் பாலையும் கோது தீர்மானிப்பதில்லை.

அவ்வாறாயின் அதைத் தீர்மானிப்பது யாது? உயிரணுக்களில் நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. மனிதரிற் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களும், ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும் உண்டு. தாய் எப்பொழுதும் எக்ஸ் ஒன்றையே வழங்குகின்றாள். தந்தையோ எக்ஸ் அல்லது வை ஒன்றை வழங்குகின்றான். ஆகவே பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவினாலேயே அமைகின்றது. பறவையினத்தில் இவ்வமைப்புத் தலைகீழானது. சேவலுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தங்கள் உண்டு. பேட்டுக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும் உண்டு. சேவல் எப்பொழுதும் இசட் ஒன்றையே தருகின்றது. பேட்டின் சூலிலே இசட் எஞ்சினால் குஞ்சு சேவல். டபிள்யூ எஞ்சினால் குஞ்சு பேடு. இசட் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகின் அளவு இரு மடங்காதலே சேவலின் ஆண்மைக்கு ஏது என்பது 2009ஆம் ஆண்டு ஆய்விலே காட்டப்பட்டது.

இந்தப் பிரிவினை, மஞ்சட்கரு சூலகத்தை விட்டு நீங்குவதற்குச் சற்று முன்னரே நடந்துவிடுகின்றது. அப்பொழுது அச்சூல் சேவலின் விந்தைச் சந்தித்திருக்கவும் மாட்டாது. ஆதலால், மாமியார் கூற்றிலே பாதி உண்மை இருக்கின்றது என்றே கூறுதல் வேண்டும். கோழியினத்திற் பாலை முடிவு செய்வது தாயின் சூலே. ஆனால் அத்தாய் அதைத் தெரிந்து செய்வதில்லை. இரண்டில் எது எஞ்சுவது என்பது, நாணயத்தைச் சுண்டினாற் பூவா தலையா விழுவது போன்றதே. ஒவ்வொரு முட்டைக்கும் புதிதாகச் சுண்டப்படுகின்றது. முன்னைய முட்டையில் விழுந்தது அடுத்த முட்டைக்கு நினைவில்லை.

இவ்விடத்திலே சிறிது கணக்கும் வேண்டும். பாதிக்குப் பாதி என்றவுடன், பத்துக் குஞ்சில் ஐந்து சேவலும் ஐந்து பேடும் வந்தே தீருமெனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பத்து நாணயங்களைச் சுண்டினால் 1,024 விதமாக விழலாம். அவற்றுள் சரிபாதியாக விழும் விதங்கள் 252 மட்டுமே. அதாவது, நான்கு அடைக்கு ஓர் அடையே சரிபாதியாகப் பொரிக்கும். ஏதேனும் ஒரு பால் ஏழு அல்லது அதற்கு மேலாக அமையும் விதங்கள் 352. ஏறத்தாழ மூன்று அடைக்கு ஓர் அடை அவ்வாறு ஏறுமாறாகவே இருக்கும். சேவலே ஏழும் அதற்கு மேலும் வருவது ஏறத்தாழ ஆறு அடைக்கு ஒரு முறை. ஆகவே நயினாதீவுச் சிவலைக் கோழியின் ஏழு சேவல்கள் விந்தையல்ல. தீவின் ஏதேனும் ஒரு வளவிலே எப்பொழுதும் நடந்துகொண்டிருக்கும் சாதாரண நிகழ்ச்சியே. பத்துக் குஞ்சுகளிற் சேவலுக்கும் பேட்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு தோன்றலாம். ஆயிரம் குஞ்சுகளை எண்ணினால் அவ்வேறுபாடு சுருங்கிவிடும். ஆயிரத்தில் பெரும்பாலும் 470க்கும் 530க்கும் இடைப்பட்ட தொகையே சேவலாக இருக்கும். பெரும் பொரிப்பகங்களில் நாள்தோறும் காணப்படுவதும் இதுவே.

இயற்கை ஏன் இப்படிச் சரிபாதியைக் காத்துவருகின்றது? பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதுமே எனக் கோழி வளர்ப்போர் வினவலாம். இதற்குப் பிரித்தானிய அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தெளிவான விளக்கந் தந்தார். ஓர் இனத்திற் சேவல் அரிதாகிவிட்டால், உள்ள ஒவ்வொரு சேவலும் பல பேடுகளின் குஞ்சுகளுக்குத் தந்தையாகும். அப்பொழுது சேவலை மிகுதியாக ஈனும் தாய்களின் வழித்தோன்றல்கள் பெருகும், சேவற்றொகையும் உயரும். பேடு அரிதானாலோ மறுபுறமாக அதுவே நிகழும். இவ்வாறு துலாக்கோல் தானே நடுநிலைக்கு வந்து நிற்கின்றது. வளர்ப்போனுடைய பணப்பையின் தேவையை இயற்கை கேட்பதில்லை.

அடைகாக்கும் வெப்பத்தாற் பாலை மாற்றலாம் என்பது மற்றொரு பரவலான கருத்து. இக்கருத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அது கோழிக்கு உரியதன்று. கடலாமை மணலிற் குழி தோண்டி முட்டையிடுகின்றது. அம்மணலின் வெப்பமே அதன் குஞ்சுகளின் பாலை வகுக்கின்றது: குளிர்ந்த மணல் ஆணையும் சூடேறிய மணல் பெண்ணையும் தரும். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் வாழும் இளம் பச்சையாமைகளில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை பெண் என 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உலக வெப்பம் உயர்வதன் விளைவு இது என்று விஞ்ஞானிகள் கவலையுறுகின்றனர். கோழிக்கோ அடை வைக்குமுன்பே பால் உறுதியாகிவிட்டமையால், வெப்பத்தைக் கூட்டுவதாலும் குறைப்பதாலும் சேவல் பேடாவதில்லை. ஏறத்தாழ முப்பத்தேழரைப் பாகை செல்சியசை விட்டு மிகவும் விலகினால் முளையங்கள் இறந்துபோகும். அவுஸ்திரேலியாவிலே இலைகுழைகளைக் குவித்து அக்குவியலின் சூட்டில் முட்டைகளைப் பொரிக்கவிடும் புதர்க்கோழி என்னும் பறவையில், வெப்பம் மிகுந்தபோது பெண் குஞ்சும் குறைந்தபோது ஆண் குஞ்சும் மிகுதியாகக் காணப்பட்டன. அங்கும் பால் மாறவில்லை. ஒரு பாலின் முளையங்கள் மிகுதியாக இறந்தமையே அதற்குக் காரணமென அறியப்பட்டது. இறப்பினால் வரும் பெண் மிகுதி வளர்ப்போனுக்கு ஊதியமாகாது.

தாய்ப்பறவை தன் மகவின் பாலைத் தானே ஒருபுறஞ் சாய்ப்பது முழுதும் நடவாத செயலோவெனின், நடந்ததற்கு இந்து சமுத்திரத்திலேயே சான்றுண்டு. சீசெல்சுக் கூட்டத்திலுள்ள கசின் என்னும் குறுந்தீவில் வாழும் ஒரு சிறு பாடும் பறவையினத்தில், பெண் குஞ்சுகள் வளர்ந்த பின்னும் தாயுடன் தங்கி அடுத்த குஞ்சுகளை வளர்க்க உதவுகின்றன. பூச்சி வளம் மிக்க நிலத்தில் வாழும் தாய்கள் பெரும்பாலும் பெண்ணையும், வளங் குன்றிய நிலத்தில் வாழ்வன பெரும்பாலும் ஆணையும் ஈன்றன என 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. வறிய நிலத்திலே உதவியாள் கூடினால் உணவு போதாது என்பதே இதன் உட்பொருள். எனினும் வீட்டுக்கோழிக்கு இத்தகைய திறம் உண்டென நம்பி முதலிடுதல் மணலிற் கட்டிய மனையாகும்.

பாலை மாற்ற இயலாத மனிதன், பாலை விரைவிற் கண்டறியும் வழிகளைத் தேடினான். யப்பானிய அறிஞர் மசுயியும் அவர்தம் தோழரும், ஒரு நாட் குஞ்சின் கழிவாயிலை மெல்ல விரித்து, உள்ளேயுள்ள மிகச் சிறிய புடைப்பைக் கொண்டு சேவலைப் பிரித்தறியும் முறையை வகுத்தனர். 1927ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரிற் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டிலே அது உலகுக்கு அறிமுகமாயிற்று. பயிற்சி பெற்ற யப்பானியர் பல நாடுகளுக்கும் அழைக்கப்பட்டனர். பழகாத கைகள் இதைச் செய்யப் புகுந்தாற் குஞ்சு குடல் கலங்கி மடியும்.

இதனினும் எளியது நிறத்தால் அறியும் வழி. பேடு தன் இசட் நிறமூர்த்தத்தை மகனுக்கே தரும், மகளுக்குத் தருவதில்லை. ஆகவே தாயின் இசட்டிலுள்ள நிறக்குறி மகனிடமே தோன்றும். வரிச்சிறகுடைய பிளிமத் றொக் பேட்டுடன் றோட் ஐலண்ட் சிவப்புச் சேவலைச் சேர்த்தால், பொரித்த அன்றே சேவற்குஞ்சின் தலையிலே வெண்பொட்டுக் காணப்படும். பேட்டுக்குஞ்சின் தலையில் அது இராது. கேம்பிரிட்ஜிலே பன்னெற்றும் அவருடன் உழைத்தோரும் இவ்வகை மரபுண்மைகளைக் கொண்டு, குஞ்சின் நிறமே பாலைக் காட்டும் தூய இனங்களையும் உருவாக்கினர். ஆனால் தீவுகளில் மேயும் நாட்டுக்கோழி பல நிறம் கலந்தது. அதனிடம் இவ்வுபாயம் பலிப்பதில்லை.

இவ்வறிவு மறுபுறத்திலே ஒரு கொடுமைக்கும் வழி வகுத்தது. முட்டைக்கென வளர்க்கும் இனத்தின் சேவற்குஞ்சு முட்டையிடாது; இறைச்சிக்கும் விரைந்து பருக்காது. அதனாற் பொரித்த அன்றே கொல்லப்படும் சேவற்குஞ்சுகளின் தொகை உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 700 கோடியென மதிப்பிடப்படுகின்றது. யேர்மனி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செயலைச் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டில், அடையின் ஒன்பதாம் நாளில் முட்டைக்கோதிலே நுண்துளையிட்டு ஒரு துளி நீரெடுத்துச் சோதித்து, சேவல் முட்டைகளை முன்னரே விலக்கும் முறை உருவாயிற்று. அவ்வாறு தெரிந்த கோழிகளின் முட்டைகள் 2018ஆம் ஆண்டிற் பேர்ளின் நகரச் சந்தைக்கு வந்தன. இத்துணைப் பெரு முயற்சியும் பாலைப் பிரித்தறிவதற்கே பயன்பட்டது என்பது கருதத்தக்கது. பொரிப்பகங்களில் வழக்குக்கு வந்த முறைகளுள் சூலின் நாணயத்தை ஒருபுறமாக விழச் செய்வது ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் நயினாதீவுக் குடும்பத் தலைவி செய்யத்தக்கது யாது? பேட்டின் பங்கைக் கூட்ட இயலாது. பொரிக்கும் குஞ்சுகளின் தொகையைக் கூட்ட இயலும். எட்டு முதற் பத்துப் பேட்டுக்கு ஒரு நல்ல சேவலை விடுதல் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்படாத, நடுத்தரப் பருமனான, வெடிப்பில்லாத முட்டைகளைத் தெரிந்து, கூர்முனை கீழாகக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் வந்த முட்டையாயின், அலையாட்டத்தால் உள்ளிருப்பது கலங்கியிருக்கும். ஓரிரவேனும் அசையாது வைத்த பின்னரே அடையில் இடுதல் நன்று. ஏழாம் நாள் இருளிலே விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உயிர்கொண்ட முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்திவலை போலத் தோன்றும். வெறுமுட்டை தெளிவாக இருக்கும். வெறுமுட்டையை விலக்கிவிடலாம். காகத்துக்கும் பருந்துக்கும் நோய்க்கும் இரையாகாது காக்கப்படும் ஒவ்வொரு குஞ்சும், பாதிப் பேட்டுக்குச் சமம் எனக் கணக்கிடலாம். சேவல்களைக் கொண்டை சிவந்தவுடன் தனியே பிரித்துத் தீனியிட்டு, எடை கூடிய காலத்தில் விற்றால், இழப்பென எண்ணியது ஒரு பகுதியேனும் வரவாகும்.

சிவலைக் கோழி விற்கப்படவில்லை. அவ்வீட்டு மூத்த மகள் பாடசாலையிற் கற்ற நாணயக் கணக்கைத் தாய்க்கு விளக்கி, பழைய அப்பியாசக் கொப்பியொன்றிலே கோடிட்டு, சேவல் ஒரு நிரையாகவும் பேடு மறு நிரையாகவும் எழுதத் தொடங்கினாள். அடுத்த அடையில் 9 குஞ்சுகள் பொரித்தன: மூன்று சேவல், ஆறு பேடு. மாமியார் உடனே, கோழிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென மகிழ்ந்தார். சிறுமி மட்டும் இரண்டு நிரைகளையும் கூட்டி, 10 சேவல், 9 பேடு என எழுதிக் கீழே கோடிட்டாள். முன்பு கோழிமேற் குற்றமுமில்லை. பின்பு அதற்குப் பெருமையுமில்லை என்பதை அக்கொப்பி காட்டிற்று.

அன்றிரவு அவள் மற்றொன்றையும் தன் பாட்டியாரிடம் கூறினாள். கோழிக்காவது தாயின் சூல் பாலை வகுக்கின்றது. மனிதருக்கு அதுவுமில்லை, தந்தை வழங்குவதே வகுக்கின்றது என்றாள். திண்ணையிலிருந்து வலை பின்னிக்கொண்டிருந்த அவளுடைய தந்தை தலை நிமிராமலே அதைக் கேட்டார். மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அப்ப உவளைச் சும்மா பேசிப்போட்டன்” என்றார்.

இச்சிறு வீட்டில் எழுந்த வினா பெரு நாடுகளையும் வாட்டியுள்ளது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 919 பேரே காணப்பட்டனர். அது நாணயம் தானாக விழுந்த கணக்கன்று. மனிதர் கைவைத்த கணக்கு. கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க அந்நாடு 1994ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கூட்டிலே பேடு வேண்டுமென விரும்புவதிற் குற்றமில்லை. வந்ததை வெறுத்து, ஈன்றவளைப் பழிப்பதே குற்றம். இயற்கை நடுநின்று அளக்கின்றது. அதன் அளவை அறிந்துகொண்ட வீட்டிலே பழிச்சொல்லுக்கு இடமில்லை.